ஒரே சர்க்கரை

எங்கள் ஆஸ்பத்திரிக்கு இனிப்போடு வருகிறவர்கள் குறைவு. அப்படியே வந்தாலும் ரிசல்ட் கைக்கு வரும்வரை டப்பாவைப் பைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அன்று காலை பூவரசன் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து, மேஜைமேல் அல்வாப் பெட்டியை வைத்து, மூடியையும் தானே திறந்தபோது எனக்கு முதலில் வந்தது பயம்தான். முப்பது வருஷம் புற்றுநோய் வார்டில் குப்பை கொட்டினால் நல்ல செய்தியைக்கூடக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கத்தான் தோன்றும்.

“எடுத்துக்குங்க டாக்டரம்மா. பூராவும் நெய்யி. உங்களுக்குன்னே சொல்லிப் போட்டதுங்க.”

பூவரசன் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் தைக்கிறவன். அவன் மனைவி தர்ஷினி என் நோயாளி. நான்கு வருஷம் முன்பு, இருபத்தெட்டு வயதில், மார்பில் கட்டியோடு வந்தாள். அறுத்து எடுத்தோம், மருந்து ஏற்றினோம். ஆனால் அதற்குள் அது கல்லீரலில் ஒரு புள்ளி வைத்துவிட்டது. நான் படித்த காலமாக இருந்தால் பூவரசனைத் தனியே அழைத்து, இரண்டு வருஷம் என்று சொல்லித் தோளைத் தட்டி அனுப்பியிருப்பேன். கட்டியைப் பரவவிடாமல் நிறுத்தி வைக்கும் வேலி ஊசி வந்த பிறகு அந்தப் பேச்சு எங்கள் வாயிலிருந்து போய்விட்டது. மாதம் ஒரு ஊசி. அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. தர்ஷினியின் கல்லீரலில் இருந்த புள்ளி புள்ளியாகவே நின்றது. அவள் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலைக்குத் திரும்பிப் போனாள்.

அவன் பின்னால் மெதுவாக வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நீயே சொல்லு என்று அவன் கண்ணைக் காட்டினான்.

“நாலாவது மாசமுங்க,” என்றாள்.

“யாருக்கு?” என்று கேட்டுவைத்தேன்.

பூவரசன் விழுந்து விழுந்து சிரித்தான். “பாத்தியா, டாக்டரம்மாவுக்கே நம்ப முடியல. மூணு மாசம் முடியட்டும்னு யாருக்குமே சொல்லலீங்க. நேத்துத்தான் எங்கம்மா பக்கத்து வீட்டுக்கே சொன்னாங்க. அடுத்தது உங்களுக்குத்தான்.”

“ஊசி?”

“அதெல்லாம் மாசாமாசம் கரெக்டாப் போட்டுட்டு இருக்கறா. ஒண்ணுகூட விடலீங்க.” அதைப் பெருமையாகச் சொன்னான்.

வாயில் போட்ட அல்வா அங்கேயே நின்றது. இவர்கள் இருவருக்கும் இதே அறையில் உட்கார்ந்து இந்த ஊசியைப் பற்றி நான் விளக்கியது ஞாபகம் வந்தது. கடைசியில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியிருந்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

“நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் ஒரு வலை இருக்கு,” என்று அன்று ஆரம்பித்தேன். “அந்த வலையில ஒரு சரக்கு உண்டு. புரோட்டியோகிளைக்கான்னு பேரு. பேரை விடுங்க. பஞ்சு மிட்டாய் பாத்திருக்கீங்கல்ல? நடுவுல குச்சி, சுத்தி சர்க்கரை நூல். அதே மாதிரிதான். குச்சி புரதம். சுத்தியிருக்கிறது சர்க்கரை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு மாதிரி சர்க்கரை.”

“புத்துநோய்க்கும் ஒரு மிட்டாய் இருக்குங்களா?” என்றான் பூவரசன்.

“அதுக்குன்னு ஒரு தினுசு இருக்கு. வளரச் சொல்லுற சத்தெல்லாம் அந்தச் சர்க்கரையில ஒட்டி நிக்கும். கட்டி அதை வாங்கிச் சாப்பிட்டுப் பெருசாகும். வேற இடத்துக்குக் கிளம்பிப் போகும்போதும் அந்தச் சர்க்கரையை வெச்சுத்தான் ரத்தக்குழாய் சுவத்துல ஒட்டி உள்ள இறங்கும். இந்த ஊசி நேரா அந்தச் சர்க்கரையில போய் உக்காந்துக்கும். அப்புறம் கட்டிக்குச் சாப்பாடும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. சாகாது. இருந்த இடத்துலயே கிடக்கும்.”

“போதுமுங்க. கிடந்துட்டுப் போகட்டும்,” என்றாள் தர்ஷினி அன்று.

“ஒரே ஒரு விஷயம். நல்ல உடம்புல அந்தச் சர்க்கரை வேற எங்கேயும் கிடையாது, ஒரு இடம் தவிர. பிள்ளைத்தாச்சியோட நஞ்சுக்கொடி. அதுவும் கர்ப்பப்பைச் சுவத்தைக் குடைஞ்சு இறங்கணும், ரத்தத்தை இழுக்கணும், உடம்பு தன்னை அந்நியம்னு துரத்தாம பாத்துக்கணும். புத்துநோய் செய்யுற வேலை அத்தனையும் அது ஒன்பது மாசம் மட்டும் செய்யும், அப்புறம் நிறுத்திக்கும். அதனால ரெண்டுக்கும் ஒரே சர்க்கரை. இதை முதல்ல கண்டுபிடிக்கக் காரணமே மலேரியாதான். கர்ப்பிணிகளோட நஞ்சுக்கொடியில அந்தக் கிருமி எதைப் பிடிச்சுத் தொங்குதுன்னு பாக்கப் போய்த்தான் கட்டியிலயும் அதே பிடி இருக்குன்னு தெரிஞ்சுது. அதனால ஊசி போடுற வரைக்கும் குழந்தை வேண்டாம்.”

தலையாட்டினார்கள். எல்லோருமே தலையாட்டுவார்கள்.

இதையெல்லாம் இப்போது மறுபடி சொல்லிப் பூவரசனின் முகத்தை அணைக்க எனக்குத் தெம்பில்லை. ஸ்கேன் அறையில் பெயர் கொடுத்துவிட்டு வா என்று அவனை அனுப்பினேன். கதவு மூடியதும் தர்ஷினியைப் பார்த்தேன்.

“திட்டிருங்க டாக்டரம்மா. எதிர்பார்த்துத்தான் வந்தேன்.”

“திட்டி என்ன ஆகப் போகுது. இதுதான் முதல் தடவையா?”

புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

“இதுக்கு முன்னால மூணு தடவ நாள் தள்ளுச்சுங்க. ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாள்ல போயிரும். அவருக்கு ஒண்ணுதான் தெரியும். எங்க அத்தைக்கு எதுவுமே தெரியாது.”

“ஒவ்வொரு மாசமும் ஊசிக்கு முன்னாடி நர்ஸ் கேப்பாங்களே?”

“கேப்பாங்க. வரிசையில நிக்க வெச்சு, ‘நாள் தள்ளியிருக்கா’ன்னு சத்தமாக் கேப்பாங்க. பின்னால எங்க அத்தை நிக்கும். எங்க தெருக்காரங்க நாலு பேர் நிப்பாங்க. மூணு மாசம் ஆகாம பெத்த தாய்கிட்டயே வாயத் திறக்க மாட்டாங்க எங்க பக்கம். கண்ணு பட்டுரும், தங்காது. ஊசியக் கையில வெச்சுட்டு நிக்கிறவங்ககிட்டயா சொல்லுவோம்?” அவள் குரல் இறங்கியது. “போன வருஷம் ஒரு தடவ எனக்கு முன்னால புலியூர்க்கார அக்கா ஒண்ணு நின்னுச்சு. அதுக்கும் தள்ளியிருந்துச்சு. வெளிய பெஞ்சுல என்கிட்ட ஜாடையாச் சொல்லுச்சு. உள்ள வந்து இல்லைன்னுருச்சு. அடுத்த மாசம் பாத்தேன். மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுதுங்க.”

“இருக்குன்னு சொல்லியிருந்தா ஊசியை நிறுத்தி வெச்சிருப்போமே.”

“ஊசிய நிறுத்திட்டு? எனக்கு அதும் வேணுமே டாக்டரம்மா. ஊசியும் வேணும், கொழந்தையும் வேணும். ஒரு தடவையாவது ரெண்டும் ஒத்துப் போயிராதான்னு பாத்தேன். பாருங்க, இந்தத் தடவ ஒத்துப் போயிருச்சு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முழு நம்பிக்கையோடு சிரித்த அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அதை வெளிக்காட்டாமல் முதுகு வலி உண்டா, பசி எப்படி என்று வழக்கமான கேள்விகளில் ஒளிந்துகொண்டேன். இடுப்புக்கு மேலே வலிக்கிறது என்றாள். பிள்ளை வயிற்றில் இருந்தால் அப்படித்தானாம், மாமியார் சொன்னாளாம்.

வேலி ஊசி தொடங்கியதிலிருந்து மாநிலம் முழுக்க ஒரு கருச்சிதைவுத் தகவல்கூட எங்களுக்கு வந்து சேரவில்லை. நாங்கள் அதை ஊசியின் நற்குணம் என்று நினைத்துக்கொண்டோம். பெண்கள் நாங்கள் சொன்னபடி கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். யாருக்கும் சொல்லாத கர்ப்பம் கலைந்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை என்பது, இத்தனை படித்த எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நாங்களும் இந்த ஊரில் பிறந்தவர்கள்தான். என் அக்கா தன் முதல் மூன்று மாதத்தை என்னிடமே மறைத்தாள், நான் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தபோது.

மகப்பேறு பிரிவில் குழந்தையைப் பார்த்தார்கள். நல்ல வளர்ச்சி, நல்ல துடிப்பு, நஞ்சுக்கொடி கெட்டியாக ஒட்டியிருக்கிறது. பத்து நிமிஷத்தில் செய்தி சென்னைக்குப் போய்விட்டது. மத்தியானம் அறவாழி போன் செய்தான். வேலித் திட்டத்தின் தலைவன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். கெட்டவன் இல்லை. வெற்றியை மட்டும் அவனுக்குக் கொஞ்சம் சீக்கிரம் பிடித்துவிடும்.

“ஜெசி! ஊசியோட நாலாவது மாசம்! இதைத்தானே தேடிக்கிட்டு இருந்தோம்? அடுத்த மாசம் மந்திரி கூட்டம். பதினெட்டு வயசுலேர்ந்து எல்லாப் பொண்ணுங்களுக்கும் தடுப்பா போடலாம்னு நான் கேக்கப் போறேன். கர்ப்பத்துக்கு ஆபத்தான்னு ஒரே கேள்வியிலதான் ஃபைல் நின்னுட்டிருக்கு. உன் பேஷண்ட் வந்து பதில் சொல்லிட்டா.”

“அவளுக்கு இதுக்கு முன்னாடி மூணு போயிருக்கு, அறவாழி. ஊசி போட்ட பத்து நாள்ல.”

“அவ சொன்னாளா? யாராவது பாத்தாங்களா? கீமோ எடுத்தவங்களுக்கு மாசம் முன்னப் பின்னப் போறது சகஜம்னு உனக்குத் தெரியாதா?”

“அவ பொய் சொல்லல.”

“சரி, நிஜம்னே வெச்சுக்குவோம். ஊசிதான் மூணையும் கலைச்சுதுன்னா, நாலாவது ஏன் நிக்குது? அதே ஊசி, அதே அளவு, அதே உடம்பு. நீயே சொல்லு.”

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது, ஆனால் அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பூவரசன் வாட்ச்மேனுக்கு அல்வா கொடுத்துக்கொண்டிருந்தான்.

“ஜெசி? இருக்கியா?”

“ஊசி நஞ்சுக்கொடிக்குப் போகல. அதனாலதான் நிக்குது.”

“போகாம? ரத்தத்துல ஏத்தினது எங்கே போகும்?”

“அந்தச் சர்க்கரை ரெண்டே இடத்துலதானே இருக்கு.”

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. மாணவனாக இருந்தபோது அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். என் அளவுக்குச் சுற்றி வளைக்காமல் அங்கே வந்து சேர்ந்திருப்பான்.

“கடைசி ஸ்கேன் எப்ப?” என்றான் கடைசியில்.

“போன தீபாவளிக்கு. அதே புள்ளிதான், புதுசா ஒண்ணும் இல்ல.”

“இன்னைக்கே எடு. மந்திரி கூட்டம் கிடக்கட்டும்.”

குழந்தைக்கு ஆகாது என்பதால் சாயம் ஏற்றாமல் காந்த ஸ்கேன் எடுத்தோம். எங்கள் இயந்திரம் இப்போதெல்லாம் படத்தைத் தானே படித்து, இனிமையான பெண் குரலில் முடிவையும் சொல்லிவிடும். நோயாளி உள்ளே படுத்திருக்கும்போதே சொல்லும். தர்ஷினியைப் படுக்க வைப்பதற்கு முன் அந்தக் குரலை அணைத்துவிட்டேன். நான் எதிர்பார்த்தது திரையில் வந்தது. கல்லீரலில் புள்ளியாகக் கிடந்தது எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்தது. முதுகெலும்பில் இரண்டு கணுக்களில் புதிதாக இறங்கியிருந்தது. ஊசியை ஜெயிக்க அது பெரிய தந்திரம் ஒன்றும் செய்யவில்லை. சர்க்கரையை அள்ளி அள்ளிச் சுரந்திருக்கிறது. மாதாமாதம் நாங்கள் போட்ட மருந்து முழுவதும் அதிலேயே ஒட்டித் தீர்ந்துபோனது. நஞ்சுக்கொடிவரை போய்ச் சேர மிச்சமில்லை. குழந்தை பிழைத்துக் கிடந்தது கட்டியின் தயவில்.

அறவாழிக்குப் படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

“திட்டத்தை விரிவாக்கறதை நிறுத்தி வைக்கச் சொல்லிடறேன். ஏற்கெனவே ஊசி போட்டுக்கறவங்களை என்ன பண்றது?”

“ஒவ்வொரு ஊர்லயும் பொம்பளைங்களைத் தனித்தனியா உக்கார வெச்சுக் கேளு. வரிசையில இல்ல. மாமியார் பக்கத்துல இல்ல.”

“கேட்டா சொல்லிடுவாங்களா?”

“தெரியல. இதுவரைக்கும் நாம அப்படிக் கேட்டதில்லையே.”

பிறகு ஒரு நாள் முழுக்க நான் மகப்பேறு டாக்டரோடும் அறவாழியோடும் பேசினேன். பேசிப் பேசி மூன்று வழிகள் கையில் நின்றன. மூன்றையும் தூக்கிக்கொண்டு தர்ஷினியின் முன் உட்கார வேண்டியிருந்தது. இந்த வேலைக்கு எனக்குக் கொடுக்கிற சம்பளத்தில் பாதி இதற்குத்தான் என்று அடிக்கடி நினைப்பேன். அவளைத் தனியாகத்தான் வரச் சொன்னேன். பூவரசன் வெளியே பெஞ்சில் இருந்தான். அவனிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லவில்லை. பயப்படவும் யாரும் சொல்லவில்லை. அவன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான்.

படத்தைக் காட்டிச் சொன்னேன். மழுப்பாமல் சொன்னேன். அவள் முதலில் குழந்தையைக் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். அது ஏன் நன்றாக இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். “அப்ப இது,” என்று கல்லீரலில் இருந்த கட்டியைத் தொட்டாள், “ஊசி பூரா குடிச்சுக்கிட்டு, கொழந்தைக்கு விட்டுக் குடுத்திருக்குதுங்களா?”

“விட்டுக் குடுக்கல. கட்டிக்குப் பேராசை. நடந்தது அப்படி ஆயிடுச்சு.”

“இனி என்னங்க?”

“ஊசியையே நிறுத்திட்டா, ரெண்டு மூணு மாசத்துல உடம்பு பூரா பரவிடும். குழந்தை வெளிய வந்து பிழைக்கிற காலம் வரைக்கும் நீ தாங்க மாட்டே. அதனால அந்தப் பேச்சு வேண்டாம். அடுத்தது, இதே அளவு ஊசியைத் தொடர்ந்து போடறது. கட்டி அதை வாங்கிக்கும், கொஞ்சம் அடங்கி, மெதுவா வளரும். குழந்தைக்கும் ஒண்ணும் ஆகாது. எட்டாம் மாசம் ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்துட்டு, அப்புறம் உனக்குப் பெரிய டோஸ் ஆரம்பிக்கலாம்.”

இந்த இரண்டாவது வழியை நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன். வாராவாரம் கட்டியைப் பார்க்க வேண்டும். வளரவும் கூடாது, சுருங்கவும் கூடாது. சுருங்கினால் மிஞ்சும் மருந்து நஞ்சுக்கொடிக்குப் போய்விடும். வாழ்நாளெல்லாம் கட்டிகளை ஒழிக்கப் பாடுபட்ட நான், ஒரு கட்டியைக் கண்ணும் கருத்துமாகப் பேணிக் காக்கத் திட்டம் போட்டுக்கொண்டு அவள் முன் உட்கார்ந்திருந்தேன். காரணம், அவள் என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியும். இந்த அறையில் இதுவரை உட்கார்ந்த எல்லாத் தாய்மாரும் சொன்னதைத்தான் சொல்வாள்.

“எட்டாம் மாசத்துக்குள்ள எனக்கு எவ்வளவு தூரம் போயிருக்குமுங்க?”

“எலும்பு நிறைய. மூளைக்கும் போகலாம். அதுக்கப்புறம் பெரிய டோஸ் கேக்குமான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. பண்ணினா பொய்.”

“அந்தப் பெரிய டோஸை இப்பவே போட்டா?”

“கட்டியை மூடிட்டு மிச்சம் நஞ்சுக்கொடிக்குப் போகும். குழந்தை தங்காது. உனக்கு, போன நாலு வருஷம் மாதிரி இன்னும் கிடைக்கலாம். நிறையவே கிடைக்கலாம். இப்ப எலும்புல ரெண்டு கணுதான். இப்பப் பிடிச்சா நிக்கும்.”

அவள் எழுந்து போய் ஜன்னலருகே நின்றாள். முதுகை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் காத்திருந்தேன். அவள் திரும்பியதும் சொல்ல வேண்டிய ஆறுதலைக்கூட மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

“பெருசே போடுங்க,” என்றாள்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம்.

“தர்ஷினி, அவசரமில்ல. ரெண்டு நாள் யோசி. வீட்டுல பேசு.”

“வீட்டுல பேசினா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. ஒருத்தரும் என்னச் சாகச் சொல்ல மாட்டாங்க. நல்லவங்க. ஆனா எல்லாரும் என் வயித்தப் பாத்துக்கிட்டே பேசுவாங்க. நானும் சரின்னுருவேன்.” கண்ணில் நீர் இறங்கியது. அதைத் துடைக்காமலே பேசினாள். “கொழந்தயப் பெத்துட்டு நான் போயிட்டா, கூடத்துல போட்டோ மாட்டி மாலை போட்டு, தெய்வம்னு கும்புடுவாங்க. எனக்குப் போட்டோவா இருக்க வேண்டாம் டாக்டரம்மா. எனக்கு வேலைக்குப் போகோணும். ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்கோணும். அவரு எத்தனையோ பஸ்ஸுக்கு சீட்டுத் தச்சாரு, அதுல ஒண்ணுலகூட நான் இன்னும் உக்காந்து போனதில்ல. இதெல்லாம் சின்ன ஆசதான். கொழந்தயவிடப் பெருசான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா எனக்கு இருக்கோணும்.”

என் திட்டங்களெல்லாம் சப்பென்று ஆகிவிட்டன. அந்த நேரத்தில் எனக்கு வந்த உணர்ச்சியை மறைக்க மாட்டேன். நிம்மதி. வெட்கமும் கூடவே வந்தது. அவள் உயிரைப் பற்றித்தான் நான் முதலில் யோசித்திருக்க வேண்டும். அதை அவளே எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

“உங்க வீட்டுக்காரர்கிட்டே, தங்கலைன்னு நானே சொல்லிடறேன்,” என்றேன். “மத்ததை யாரும் கேக்க மாட்டாங்க. உன்மேல பழி வராது.”

அவள் இதைக் கொஞ்சம் யோசித்தாள். அந்தக் கதவு அவளுக்குத் திறந்தே இருந்தது. நான் அதில் அவளைத் தள்ளிவிடவும் தயாராக இருந்தேன்.

“வேண்டாமுங்க. மூணு தடவ அப்படியே முழுங்கிட்டேன். ஒவ்வொண்ணும் தொண்டையிலயே நிக்குது. இதையும் முழுங்கினா ஊசி என்னத்தக் காப்பாத்தப் போகுது. அவரக் கூப்புடுங்க. நானே சொல்றேன்.”

பூவரசன் வந்தான். என் முகத்தைப் பார்த்தவன் உட்காரவில்லை. தர்ஷினி எல்லாவற்றையும் சொன்னாள். கட்டியைச் சொன்னாள், குழந்தை ஏன் பிழைத்திருக்கிறது என்பதைச் சொன்னாள், மூன்று வழியையும் சொன்னாள். அவள் என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள்.

“எதுன்னு டாக்டரம்மா சொல்லல. நான்தான் சொன்னேன். கொழந்த இல்லாமப் போகட்டும், நான் இருக்கறேன்னு. அப்புறம் இன்னொண்ணு. உனக்கு ஒண்ணு தெரியும். அதுக்கு அப்புறமும் ரெண்டு போச்சு. உங்கிட்டச் சொல்லல.”

அவன் அவளைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். பிறகு சட்டென்று திரும்பிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான். கதவு தானாகவே மூடிக்கொண்டது.

தர்ஷினி அழவில்லை. அழுது முடித்திருந்தாள். “வருவாரா தெரியல,” என்றாள். “வரலைன்னாலும் நீங்க போடுங்க. நாளைக்குன்னு விட்டா எனக்குத் தைரியம் போயிரும்.”

வார்டில் படுக்கை சொல்லிவைத்தேன். மகப்பேறு டாக்டர் வந்து, எந்த நாளில் என்ன ஆகும், எவ்வளவு வலி இருக்கும், அதற்கு என்ன கொடுப்போம் என்று பொறுமையாகச் சொன்னாள். கையெழுத்து வாங்கினோம். நர்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வழக்கமாக ஒரு குப்பி இருக்கும் இடத்தில் இரண்டு. அதை நர்ஸிடம் விட எனக்கு மனமில்லை. நானே மருந்தை ஏற்றிக்கொண்டேன். ஊசி போட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. எனக்கு வயதாகிவிட்டது, களைத்துவிட்டேன், வீட்டுக்குப் போய் யாரோடும் பேசாமல் படுக்க வேண்டும் என்று தோன்றியது. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, என் பக்கம் இருந்த அவள் கையைப் பிடித்தேன்.

கதவு திறந்தது. பூவரசன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தான். சட்டைக் காலரெல்லாம் ஈரம். நேராகப் படுக்கையருகே வந்தான்.

“அந்தக் கை வேண்டாமுங்க டாக்டரம்மா,” என்றான். “அது ஆபரேஷன் பண்ணுன பக்கம். போட்டா வீங்கிக்கும்.”

சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், அவளுடைய இன்னொரு கையை எடுத்து, ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு எனக்காகப் பிடித்துக்கொண்டான்.